பாலிஷ் மோட்டாரும் பிடிக்கும் கருவிகளும்: நகை, கடிகாரப் பட்டறைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

புதிதாக நகைப் பட்டறை போடுபவர்களும், கடிகார ரிப்பேரோடு பாலிஷ் வேலையும் சேர்த்துச் செய்ய நினைப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். எல்லாரும் முதலில் கேட்பது மோட்டாரைப் பற்றித்தான். பொருளை எதில் பிடிப்பது என்று கேட்பவர்கள் குறைவு. ஆனால் வேலை கெடுவதும் விரல் அடிபடுவதும் பெரும்பாலும் பிடியில்தான். அதனால் அந்தக் கேள்விகளுக்கான பதில்கள் மட்டும் கொஞ்சம் நீளமாக இருக்கும்.

எத்தனை ஹெச்.பி. மோட்டார் வாங்குவது?

மோதிரம், தோடு, டாலர், மெல்லிய செயின் என்ற அளவில் வேலை இருந்தால் கால் ஹெச்.பி. போதும். வளையல், வெள்ளிக் கிண்ணம், கடிகார கேஸ் எல்லாம் வரும் என்றால் அரை ஹெச்.பி. எடுக்கலாம். "பெரிதாக வாங்கிப் போட்டுவிட்டால் பின்னால் உதவும்" என்று பாத்திர பஃபிங் கடைகளில் ஓடும் 1 ஹெச்.பி. மோட்டாரை நகைப் பட்டறைக்கு வாங்குவதை நாங்கள் ஊக்குவிப்பதில்லை. காரணம் எளிது. கால் ஹெச்.பி. மோட்டாரில் பொருள் மாட்டிக்கொண்டால் மோட்டார் திணறும், சில சமயம் நின்றே போகும். 1 ஹெச்.பி. நிற்காது. பொருளையும் பிடித்திருக்கும் கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

மிச்சமாகும் பணத்தை தூசி உறிஞ்சும் பெட்டியிலும் நல்ல பிடிகளிலும் போடுங்கள்.

1400 சுற்றா, 2800 சுற்றா?

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் ஓடும் சாதாரண மோட்டார் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2800 சுற்றோ 1400 சுற்றோ தரும். ஆனால் பொருளின் மேல் உரசும் வேகத்தைத் தீர்மானிப்பது சுற்று மட்டும் அல்ல, பஃபின் (மோட்டாரில் மாட்டித் தேய்க்கும் துணிச் சக்கரத்தின்) விட்டமும்தான். 4 அங்குல பஃப் 2800 சுற்றில் ஓடினால் அதன் விளிம்பு நொடிக்கு ஏறத்தாழ 15 மீட்டர் ஓடும். அதே மோட்டாரில் 6 அங்குல பஃபை மாட்டினால் 22 மீட்டருக்கு மேல் போய்விடும். 6 அங்குலத்தை 1400 மோட்டாரில் மாட்டினால் 11 மீட்டர்தான்.

தங்கத்துக்கும் வெள்ளிக்கும் 2800 சுற்றில் 3 அல்லது 4 அங்குல பஃப் நன்றாக வரும். பிளாஸ்டிக் கண்ணாடி, கல் நெருக்கமாகப் பதித்த நகை இவற்றுக்கு 1400 சுற்று பாதுகாப்பு. ஒரே மோட்டார்தான் வாங்க முடியும் என்றால் 2800 வாங்கிக்கொண்டு, மென்மையான வேலைக்குச் சின்ன பஃப் மாட்டிக்கொள்ளுங்கள். தேய்ந்து சின்னதான பழைய பஃபைத் தூக்கிப் போடாதீர்கள் என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான்.

ஒன்று மட்டும் வேண்டாம்: வேகத்தைக் குறைக்க ஃபேன் ரெகுலேட்டரை இணைப்பது. கெபாசிட்டர் வைத்து ஸ்டார்ட் ஆகும் மோட்டார் அதில் சூடேறிக் கருகிவிடும். மூன்று ஃபேஸ் மோட்டார் என்றால் அதற்கென்றே வரும் டிரைவ் போட்டு வேகத்தை மாற்றலாம்.

பஃப் தானாகக் கழன்று பறக்கிறது. மரை தேய்ந்துவிட்டதா?

முதலில் மோட்டார் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பாருங்கள். நீங்கள் முன்னால் நிற்கும்போது பஃபின் மேல்பகுதி உங்களை நோக்கி வந்து கீழே இறங்க வேண்டும். இரண்டு பக்கமும் ஸ்பிண்டில் (பஃபைத் திருகி மாட்டும் மரை போட்ட முனை) உள்ள மோட்டாரில் வலப்பக்கம் சாதாரண மரை, இடப்பக்கம் எதிர்மரை. சரியான திசையில் ஓடும்போது வேலையின் அழுத்தமே பஃபை இறுக்கிக்கொள்ளும். திசை மாறினால் அதே அழுத்தம் பஃபைக் கழற்றிவிடும்.

மூன்று ஃபேஸ் இணைப்பில் இரண்டு வயர் இடம் மாறினாலே திசை மாறிவிடும். எலக்ட்ரீஷியன் வந்து போன மறுநாள் பஃப் பறக்கிறது என்றால் வேறு எங்கும் தேட வேண்டாம்.

பஃபில் தடவும் சிவப்பு, பச்சை, வெள்ளை, பிரவுன் பாலிஷ் கட்டிகளில் எதை எதற்குப் பயன்படுத்துவது?

பாலிஷ் என்பது இரண்டு வேலை. முதல் வேலை வெட்டுவது, அதாவது உப்புத்தாள் விட்டுப்போன கோடுகளை எடுப்பது. இரண்டாவது மெருகு ஏற்றுவது. பிரவுன் நிற டிரிபோலி வெட்டும் கட்டி. சிவப்பு ரூஜ் மெருகுக் கட்டி. அது இரும்பு ஆக்சைடு, தங்கத்துக்கும் வெள்ளிக்கும் பழகிய பொருள். பச்சைக் கட்டியில் இருப்பது குரோமியம் ஆக்சைடு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கடிகார கேஸுக்கும் பிளாட்டினத்துக்கும் அது பொருந்தும். வெள்ளைக் கட்டி பெரும்பாலும் அலுமினா. இப்படிப் பொதுவாகச் சொல்லலாமே தவிர, நிறத்தை மட்டும் நம்பி வாங்காதீர்கள். கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும். உறையில் எந்த உலோகத்துக்கு, எந்தக் கட்டத்துக்கு என்று எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள்.

டிரிபோலியில் இருப்பது சிலிக்கா. அந்தத் தூசியை ஆண்டுக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரல் இறுகிப்போகும் சிலிகோசிஸ் வரும்; வந்தால் குணப்படுத்த மருந்து இல்லை. மூக்கில் கர்ச்சீப் கட்டிக்கொள்வது இதற்குப் போதாது. அலுமினா அடிப்படையிலான வெட்டும் கட்டிகள் கிடைக்கின்றன, விலை கொஞ்சம் கூடுதல். உறிஞ்சும் பெட்டி இல்லாத பட்டறையில் டிரிபோலியைத் தொடவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

அப்புறம், ஒரு பஃபுக்கு ஒரு கட்டிதான். ரூஜ் பஃபில் ஒரு தடவை டிரிபோலி பட்டுவிட்டால் அந்த பஃப் அதற்குப் பிறகு டிரிபோலி பஃப்தான். பஃபின் மேல் மார்க்கரால் எழுதி வையுங்கள். ஒரு கட்டம் முடிந்து அடுத்த கட்டத்துக்குப் போகும் முன் பொருளைச் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். இதைச் செய்யாமல் "ரூஜ் சரியில்லை, கோடு விழுகிறது" என்று கட்டி மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் நிறையப் பேர்.

எவ்வளவு பாலிஷ் போட்டாலும் உள்ளே கோடு தெரிகிறதே?

உப்புத்தாள் வேலை முடியவில்லை என்று அர்த்தம். 400, 600, 800, 1200 என்று போகும்போது ஒவ்வொரு தாளையும் முந்தைய தாளுக்குக் குறுக்காக ஓட்டுங்கள். முந்தைய கோடுகள் முழுக்க மறைந்துவிட்டனவா என்பது கண்ணுக்கே தெரியும். ஒரே திசையில் ஓட்டினால் ஆழமான கோடு மெல்லிய கோடுகளுக்கு நடுவே ஒளிந்துகொண்டு, ரூஜ் பட்ட பிறகு பளபளவென்று வெளியே வரும்.

காஸ்டிங் நகையில் புள்ளிக்குப் பக்கத்தில் வால் மாதிரி இழுக்கிறது. ஏன்?

வார்ப்பில் நுண்துளை இருக்கிறது. பொருளை ஒரே திசையில் பஃபில் வைத்திருந்தால், துளையின் ஓரத்தை பஃப் அரித்துக்கொண்டே போய் வால் போட்டுவிடும். பொருளைத் திருப்பித் திருப்பிக் காட்டினால் வால் விழாது. ஆனால் துளை போகாது. துளை பெரிதாக இருந்தால் பாலிஷை நிறுத்திவிட்டு லேசர் வெல்டிங்கில் அடைத்துவிட்டு வாருங்கள். தேய்த்தே எடுத்துவிடலாம் என்று நினைத்தால் அடியில் இன்னும் நாலு துளை வெளிப்படும்.

செயினை எப்படிப் பிடிப்பது? பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டிய இடம்தான். பாலிஷ் மோட்டாரில் நடக்கும் மோசமான விபத்துகளில் செயினுக்கே முதலிடம். செயினின் ஒரு முனை கையிலும் மறுமுனை தொங்கலிலும் இருக்க, தொங்கும் முனை பஃபில் மாட்டி ஸ்பிண்டிலில் சுற்றிக்கொள்ளும். விரலில் ஒரு சுற்றுப் போட்டுப் பிடித்திருந்தால் விரலும் கூடவே போகும். அதனால் முதல் விதி: செயினை விரலில் சுற்றாதீர்கள், ஒரு சுற்று கூடக் கூடாது.

ஒரு அடி நீளம், இரண்டு விரல் அகலத்தில் வழவழப்பான மரப்பட்டை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மேல் முனைக்குப் பக்கத்தில் தலையில்லாத சின்ன ஆணி ஒன்று அடியுங்கள். செயினின் கொக்கியை அந்த ஆணியில் மாட்டி, செயினைப் பட்டையோடு ஒட்டிக் கீழே இழுத்து, கீழ் முனையில் கட்டைவிரலால் அழுத்திப் பிடியுங்கள். பஃபின் முன்பக்கம் கீழ்நோக்கித்தான் ஓடுகிறது. ஆணி மேலே இருப்பதால் பஃப் இழுக்க இழுக்கச் செயின் விறைத்துக்கொள்ளும். பட்டையைத் தலைகீழாகப் பிடித்தால் செயின் தளர்ந்து மேலே எழும்பி, பஃபின் பல்லுக்குள் போய்விடும். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அதில்தான் எல்லாம் இருக்கிறது.

பட்டையின் நடுப்பகுதியில் மட்டும் பஃப் படட்டும். ஓரத்தில் செயின் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் நிறுத்திவிட்டுச் சரி செய்யுங்கள். மீதிச் செயின் தொங்கக் கூடாது. பட்டையின் பின்பக்கம் சுற்றி உள்ளங்கைக்குள் அடக்கிக்கொள்ளுங்கள். மாட்டிக்கொண்டால் அடுத்த நொடியே கையை விட்டுவிடுங்கள். செயின் அறுந்தால் பற்றவைத்துக்கொள்ளலாம். கால் பெடல் ஸ்விட்ச் வைத்திருப்பவர்களுக்கு இது எளிது, காலை எடுத்தாலே மோட்டாருக்கு மின்சாரம் நின்றுவிடும்.

மெஷின் செயின் மாதிரி மெல்லிய ரகங்களை பஃபுக்கே கொண்டுவராதீர்கள். அவற்றுக்கு டம்ளர் (நகைகளை மொத்தமாகப் போட்டுச் சுழற்றி மெருகேற்றும் மெஷின்)தான் சரி.

பஃபில் பொருளை எந்த இடத்தில் காட்ட வேண்டும்?

பஃபைக் கடிகார முகமாக நினைத்து, உங்கள் பக்கம் 3 மணி என்று வைத்துக்கொண்டால், 4 மணிக்கும் 5 மணிக்கும் நடுவில். அங்கே பிடி நழுவினால் பொருள் கீழே, பெட்டிக்குள் போய் விழும். 3 மணிக்கு மேலே காட்டினால் பொருளின் மேல் ஓரம் மாட்டி முகத்துக்கு வரும். கூர்மையான ஓரம் எப்போதும் கீழ்நோக்கியே இருக்கட்டும். சுற்றிவரும் பஃபுக்கு எதிராக ஓரத்தை நீட்டாதீர்கள்.

கையுறை போட்டுக்கொள்ளலாமா?

துணிக் கையுறை வேண்டவே வேண்டாம். நூல் மாட்டினால் கையை உள்ளே இழுக்கும். சூடு பொறுக்கவில்லை என்றால் விரல் நுனிக்கு மட்டும் தோல் உறை போட்டுக்கொள்ளுங்கள், இழுத்தால் அது கழன்று போய்விடும். துப்பட்டா, முந்தானை, தொங்கும் சட்டைக் கை, அவிழ்ந்த தலைமுடி, கழுத்தில் செயின், கையில் கயிறு எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

வெறும் விரலில் பிடிப்பதில் ஒரு லாபமும் உண்டு. விரல் தாங்காத சூடு வந்தால் கல்லுக்கும் அது ஆகாது. அப்போது நிறுத்தித் தண்ணீரில் நனைத்துக்கொள்ளலாம்.

மோதிரம், தோடு மாதிரி சின்னப் பொருள்களுக்கு என்ன பிடி?

மோதிரத்தின் வெளிப்புறத்துக்கு ஆப்பு வைத்து இறுக்கும் மரப்பிடி பழைய கருவி, இன்னும் அதை மிஞ்சியது வரவில்லை. இரண்டு தாடையிலும் தோல் ஒட்டியிருக்கும். ஒரு பக்கம் மோதிரத்தைக் கடிக்கவைத்து மறுபக்கம் ஆப்பைத் தட்டினால் இறுகிவிடும். உள்ளிருந்து விரியும் பிடிகளும் உண்டு. மோதிரத்தின் சுற்று முழுக்கத் திறந்து கிடைப்பதால் வளையப் பாலிஷுக்கு அது வசதி, ஆனால் மெல்லிய மோதிரத்தை அதிகம் இறுக்கினால் அளவு கூடிவிடும்.

மோதிரத்தின் உட்புறத்துக்கு ஸ்பிண்டிலில் மாட்டும் கூம்பு ஃபெல்ட் (கம்பளியை அழுத்திச் செய்தது). கூம்பின் மேலே தள்ளிக்கொண்டே போனால் மோதிரம் இறுகி, ஃபெல்டோடு சேர்ந்து விரலுக்குள் சுற்றும். தளர்வாகப் பிடித்து, கூம்பின் ஒரு பக்கம் மட்டும் தொடும்படி வைத்தால் போதும்.

திருகு வைத்த தோட்டுக்குக் கடையில் பிடி தேட வேண்டாம். பழைய திருகாணி ஒன்றைப் பித்தளைக் கம்பியின் முனையில் பற்றவைத்துக்கொள்ளுங்கள். தோட்டை அதில் திருகினால் பிடியும் ஆச்சு, மரைக்குள் ரூஜ் அடைக்காமலும் ஆச்சு. ஊக்கு மாதிரிக் கம்பி உள்ள கம்மலுக்கு நான்கு தாடை கொண்ட கைப்பிடி வைஸ் சரியாக இருக்கும். சாமணத்தில் பிடித்து பஃபில் காட்டுவது மட்டும் கூடாது. சாமணம் பொறுக்குவதற்கும் பற்றவைப்பதற்கும் உண்டான கருவி. பஃபின் இழுப்பை அது தாங்காது.

அரக்கில் பதித்துப் பிடிக்கலாமா?

செதுக்கு வேலைக்கும் கல் பதிப்பதற்கும் அரக்குக் கட்டையைப் போல இன்னொன்று இல்லை. வடிவம் எப்படி இருந்தாலும் அடியிலிருந்து முழுக்கத் தாங்கும். வேலை முடிந்ததும் லேசாகச் சூடு காட்டி எடுத்து, ஒட்டியிருப்பதை ஸ்பிரிட்டில் கரைத்துவிடலாம். ஆனால் பஃபில் சூடேறினால் அரக்கு இளகிப் பொருள் நழுவும், அதனால் நீண்ட நேரப் பாலிஷுக்கு ஆகாது. சுடுதண்ணீரில் இளகி ஆறினால் கெட்டியாகும் பிளாஸ்டிக் குருணைகள் இப்போது கிடைக்கின்றன. சுத்தமான வேலை, திரும்பத் திரும்பப் பயன்படும். ஆனால் இளகுவதற்குச் சுடுதண்ணீரே போதும் என்பதால், பஃப் சூட்டைப் பொறுத்தவரை அதற்கும் அரக்கின் நிலைதான்.

கடிகார கேஸுக்குப் பாலிஷ் போட ஆரம்பிக்கிறேன். நகையிலிருந்து என்ன வித்தியாசம்?

நிறைய. நகையில் கொஞ்சம் வளைவு கூடிவிட்டால் யாரும் கவனிக்க மாட்டார்கள். கடிகார கேஸில் தட்டையான முகமும் கூர்மையான விளிம்பும்தான் அழகு. மெத்தென்ற துணி பஃபில் காட்டினால் விளிம்பு மழுங்கும், பட்டை மாட்டும் காதுகள் உருண்டுபோகும், காதில் உள்ள துளை நீள்வட்டமாகும். "நல்லா பளபளன்னு இருக்கு" என்று வாடிக்கையாளர் முதலில் சொல்வார். ஒரு மாதம் கழித்து, பட்டையைக் காதுகளில் பிடித்திருக்கும் ஸ்பிரிங் பார் ஆடுகிறது என்று வருவார்.

அதனால் தட்டையான முகங்களுக்குக் கெட்டியான ஃபெல்ட் சக்கரம், அல்லது முகப்பில் தேய்க்கும் தட்டையான வட்டு. கிராண்ட் செய்கோ கடிகாரங்களில் கண்ணாடி மாதிரி நெளியாத பிரதிபலிப்பு வருவது, சுழலும் வட்டின் தட்டையான முகத்தில் கேஸைச் சரியான கோணத்தில் கையால் வைத்துத் தேய்ப்பதால்தான். அந்தக் கை வர ஆண்டுகள் பிடிக்கும். நம் வேலைக்கு, கண்ணாடிப் பலகையில் உப்புத்தாளை ஒட்டி அதன்மேல் கேஸின் முகத்தைக் கையால் ஓட்டுவதே பாதி தூரம் கொண்டுபோய்விடும்.

கோடு போட்ட மந்தப் பூச்சு இருக்கும் இடங்களை முதலில் டேப் ஒட்டி மறையுங்கள். வெப்பம் தாங்கும் மஞ்சள் நிற பாலிஇமைட் டேப் நல்லது. பளபளப்பு முடிந்ததும் அதை மறைத்துவிட்டு, மந்தப் பகுதிக்குக் கோடு போடுங்கள். கோடு கேஸின் நீளவாக்கில் ஒரே இழுப்பில் வர வேண்டும். முன்னும் பின்னும் தேய்த்தால் குழப்பமாகத் தெரியும்.

இதெல்லாம் கடிகாரத்தை ஓட்டும் உள் மெஷினை வெளியே எடுத்த பிறகுதான். மெஷின், டயல், முள், கிரவுன் (சாவி திருகும் குமிழ்), ரப்பர் வளையம், முடிந்தால் கண்ணாடி, எல்லாம் கழற்றி மூடிய டப்பாவுக்குள் போன பிறகே கேஸ் பாலிஷ் மேசைக்கு வரட்டும். ரூஜ் தூசி ஒரு பொட்டு மெஷினுக்குள் போனாலும் சர்வீஸ் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். திரும்ப மாட்டும்போது பழைய ரப்பர் வளையத்தைப் போடாதீர்கள். புதிது போட்டு, தண்ணீர் புகாத கடிகாரம் என்றால் அழுத்தச் சோதனையும் செய்யுங்கள்.

கேஸை எதில் பிடிப்பது?

மெஷின் உட்காரும் குழிக்குள் பொருந்தும் ஒரு கட்டை. கெட்டி பிளாஸ்டிக்கிலோ மரத்திலோ கடைந்து, நடுவில் கைப்பிடிக் கம்பி வைத்துக்கொள்ளலாம். உள்ளிருந்து விரியும் தாடை உள்ள பிடிகள் விலைக்கும் கிடைக்கும். வெளியிலிருந்து இறுக்கும் எந்தப் பிடியும் பாலிஷ் போட வேண்டிய இடத்தையே மறைத்துவிடும். காதுகளுக்குள் குறடு போட்டுப் பிடித்தால் தடம் விழும்.

பின்மூடி திறப்பதற்கான பிடி வேறு, மெஷின் பிடி வேறு. சுவிட்சர்லாந்தில் லெ லொக்ல் ஊரில் 1791இலிருந்து இருக்கும் பெர்ஜான் கம்பெனியின் 4040 மாதிரி மெஷின் பிடிகள் மேசையில் மெஷினைப் பிரித்துப் பூட்டுவதற்கானவை. அவற்றைப் பாலிஷுக்குக் கொண்டுவந்து பாழாக்காதீர்கள்.

முலாம் பூசிய கடிகாரத்துக்கு பஃப் போடலாமா?

வேண்டாம். முலாமின் கனம் மைக்ரான் கணக்கு. மூலைகளில் முதலில் பித்தளை தெரிய ஆரம்பிக்கும், பிறகு மறைக்க வழியில்லை. பழைய குரோம் பூச்சு கேஸ்கள், கறுப்புப் பூச்சு போட்ட புதிய கேஸ்கள் எல்லாவற்றுக்கும் இதுதான். மென்மையான துணியால் துடைத்துக் கொடுங்கள். வாடிக்கையாளர் வற்புறுத்தினால் மறுமுலாம் செலவையும் சேர்த்துச் சொல்லுங்கள், பெரும்பாலும் மனம் மாறிவிடுவார்.

கடிகாரக் கண்ணாடியில் கீறல். பஃபில் போகுமா?

எந்தக் கண்ணாடி என்பதைப் பொறுத்தது. எச்எம்டி ஜனதா மாதிரி கை சாவி கடிகாரங்களில் இருப்பது அக்ரிலிக். 1961இல் சிட்டிசன் கூட்டோடு பெங்களூரில் தொடங்கிய எச்எம்டி கடிகாரத் தொழில் 2016இல் மூடப்பட்டாலும், அந்தக் கடிகாரங்கள் இன்னும் ரிப்பேருக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. அக்ரிலிக் கீறல் பாலிஷ் பேஸ்ட் தொட்ட பஞ்சால் கையில் தேய்த்தாலே போய்விடும். வேகமான பஃபில் காட்டினால் உருகி அலை விழும். மினரல் கண்ணாடிக்கு சீரியம் ஆக்சைடு பசையும் நிறையப் பொறுமையும் வேண்டும். புதுக் கண்ணாடி மாற்றுவதே லாபம். சஃபையர் கண்ணாடி வைரத்துக்கு அடுத்த கடினம், வைரப் பசை தவிர எதுவும் அதைத் தொடாது.

நகைக்கும் கடிகாரத்துக்கும் ஒரே மோட்டார் போதாதா?

ஒரே கூரைக்குக் கீழே இரண்டும் நடப்பது புதிதல்ல. டாடாவும் தமிழக அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் சேர்ந்து 1984இல் தொடங்கிய டைட்டன், ஓசூரில் கடிகாரமும் நகையும் இரண்டுமே செய்கிறது. ஆனால் ஒரே மோட்டாரில் வேண்டாம் என்பதற்கு மூன்று காரணங்கள். ஸ்டீல் பட்ட பஃபில் தங்கத்தைக் காட்டினால் கோடு விழும். தங்கத்தூளோடு ஸ்டீல் தூள் கலந்தால் சுத்திகரிக்கும்போது விலை பேசுவது சிக்கலாகும். மூன்றாவது, ஸ்டீலைச் சாணை பிடிக்கும்போது பொறி பறக்கும்; பெட்டிக்குள் மெழுகும் பஞ்சு நூலும் சேர்ந்து கிடக்கும். பொறி அதில் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தூசி உறிஞ்சும் பெட்டி கட்டாயமா? செலவு அதிகமாக இருக்கிறதே.

தங்க வேலை செய்பவருக்கு அது செலவே அல்ல. ஒரு கணக்குப் பார்க்கலாம். 10 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள ஒரு 22 கேரட் நகையில் பஃப் 10 மைக்ரான் மட்டும் எடுத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது ஒரு கன சென்டிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. 22 கேரட் தங்கத்தின் அடர்த்தி சுமார் 17.7; ஆக ஏறக்குறைய 0.177 கிராம் போயிருக்கிறது. இப்படி 45 நகை முடிந்தால் ஒரு பவுன். நகைத் தெருக்களில் சாக்கடை மண்ணை அள்ளிச் சலிப்பவர்கள் சும்மா சலிக்கவில்லை.

வீட்டு வேக்குவம் கிளீனரை இணைத்துச் சமாளிக்கலாமா என்று கேட்கிறார்கள். ரூஜின் மெழுகுத் தூசியில் அதன் ஃபில்டர் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், நுண்தூள் பின்பக்கமாக வெளியே வந்து அறை முழுக்கப் படியும். பஃபை மூன்று பக்கமும் சூழ்ந்த பெட்டி, அதற்குள் சின்னப் பொருள் விழுந்தால் தாங்கும் வலை, வெளிச்சம், மாற்றக்கூடிய ஃபில்டர் என்று பாலிஷுக்கென்றே செய்ததை வாங்குங்கள். ஃபில்டர், தேய்ந்த பஃப், உப்புத்தாள், கை துடைத்த துணி, மேசைக்குக் கீழே பெருக்கிய குப்பை எல்லாவற்றையும் ஒரே சாக்கில் சேருங்கள். தங்கத்துக்கு ஒன்று, வெள்ளிக்கு ஒன்று. கை கழுவும் தண்ணீர் நேரே சாக்கடைக்குப் போகாமல், ஒரு தொட்டியில் தேங்கி அடிமண் படிந்து போகும்படி குழாய் போடுங்கள்.

ஹால்மார்க் முத்திரை அழிந்துவிடுமா?

அழியும். பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரை, தூய்மை எண், ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியாகத் தரும் ஆறு எழுத்து இலக்கம் கொண்ட அடையாளக் குறியான ஹெச்யூஐடி மூன்றும் லேசரில் மெல்லியதாகப் போடப்பட்டவை. 2023 ஏப்ரல் 1 முதல் ஹெச்யூஐடி இல்லாத தங்க நகையைக் கடையில் விற்க முடியாது. அதனால் பழைய நகை பாலிஷுக்கு வந்தால் முதலில் கண் லென்ஸில் முத்திரை எங்கே இருக்கிறது என்று பார்த்து, வாடிக்கையாளருக்கும் காட்டி, டேப் ஒட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். மோதிரத்தின் உட்புறத்தில்தான் இது அதிகம் மறந்துபோகிறது.

காந்த டம்ளர் வாங்கினால் பஃப் வேலையே வேண்டாமா?

குச்சி மாதிரி மெல்லிய ஸ்டீல் ஊசிகள் சோப்புத் தண்ணீரில் காந்தத்தால் சுழன்று அடிக்கும் மெஷின் அது. ஜிமிக்கியின் உட்புறம், கம்பி வேலையின் சந்துகள் என்று பஃப் போகாத இடமெல்லாம் சுத்தமாகிவிடும். ஆனால் அகலமான தட்டை முகத்தில் ஊசி பட்ட புள்ளிகள் தெரியும், அதை மறுபடி பஃபில்தான் எடுக்க வேண்டும். கொலுசுக்கும் செயினுக்கும் உருளும் பேரலில் ஸ்டீல் குண்டு போட்டு ஓட்டுவது நல்லது.

கடிகார மேசைக்குப் பக்கத்தில் இந்தக் காந்த மெஷினை வைக்காதீர்கள். கடிகாரத்தின் ஓட்ட வேகத்தைக் கட்டுப்படுத்தும் மெல்லிய ஹேர்ஸ்பிரிங்கில் காந்தம் ஏறினால் கடிகாரம் வேகமாக ஓட ஆரம்பிக்கும். சாமணம், ஸ்க்ரூடிரைவர் எல்லாம் காந்தமாகிவிடும். இன்னொரு அறையில் வையுங்கள், அங்கே போகும்போது கையில் கடிகாரமும் வேண்டாம்.

கல் நகையை பஃப், அல்ட்ராசோனிக் (ஒலி அதிர்வால் தண்ணீரில் சுத்தம் செய்யும் மெஷின்) எதில் போடலாம்?

வைரம், மாணிக்கம், நீலம், கீறலோ உள்வெடிப்போ இல்லாமல் இறுக்கமாகப் பதித்திருந்தால் அல்ட்ராசோனிக் தாங்கும். முத்து, பவளம், ஓப்பல், டர்க்காய்ஸ் கூடாது. மரகதமும் கூடாது, அதன் வெடிப்புகளை எண்ணெயால் நிரப்பியிருப்பார்கள், அந்த எண்ணெய் வெளியே வந்துவிடும். உள்ளே அரக்கு நிரப்பிய நகைகளுக்கு, நாகர்கோவில் பக்கம் வடசேரியில் செய்யும் கெம்புக் கல் கோயில் நகைகள் மாதிரியானவற்றுக்கு, சுடுதண்ணீர், ஆவி, அல்ட்ராசோனிக் எதுவுமே ஆகாது. அவற்றுக்கு மென்மையான பிரஷும் துணியும்தான். சாதாரண வெள்ளிக்கும் தங்கத்துக்கும் பூந்திக்கொட்டைத் தண்ணீரும் பித்தளை பிரஷும் இன்றும் நல்ல முடிப்பைத் தருகின்றன.

சயனைடு வைத்து மெருகு எடுப்பது வேகமாக இருக்கிறதாமே?

சயனைடும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்து செய்யும் அந்த முறை வீட்டோடு சேர்ந்த பட்டறைக்கு உரியதல்ல. வெடித்துத் தெறிக்கும், அமிலம் பட்டால் உயிரைக் கொல்லும் வாயு வரும். செய்யாதீர்கள்.

பழைய பாலிஷ் மோட்டார் வாங்கலாமா?

வாங்கலாம். மோட்டார் நிற்கும்போது ஸ்பிண்டில் முனையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் போயிருக்கிறது. மாற்றச் செலவு குறைவுதான், விலையைக் குறைத்துக் கேளுங்கள். பஃப் இல்லாமல் ஓட்டிவிட்டு ஒரு ரூபாய்க் காசை மோட்டார் மேல் படுக்க வையுங்கள். நடுங்கி நகர்ந்தால் தண்டு வளைந்திருக்கலாம், அதை விட்டுவிடுங்கள். கூம்பு மரை தேய்ந்திருந்தால் முனை மட்டும் தனியாகக் கிடைக்கும். நிறுத்தியபின் எவ்வளவு நேரம் தானாகச் சுற்றுகிறது என்றும் பாருங்கள்; சட்டென்று நின்றால் உள்ளே எங்கோ உரசுகிறது. எர்த் வயர் இருக்கிறதா என்பதைக் கவரைக் கழற்றியே பார்த்துவிடுங்கள், பிளக்கில் மூன்று பின் இருப்பதை வைத்து நம்ப வேண்டாம்.